மலை ஏரிக்குக் குடும்பத்தோடு: இயற்கை ஏரிதான் வேண்டுமா?

2 மார்ச் 2025 (ஒரு வாசகரின் கேள்வி)

மே மாதத்தில் நான்கு நாள் மலைக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறோம். அப்பாவுக்கு 74 வயது, முழங்கால் வலி உண்டு. அம்மாவுக்கு 69. பிள்ளைகளுக்குப் பத்தும் ஐந்தும். மலை மேல் ஓர் ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. அதற்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: இயற்கையாக உண்டான ஏரியாக இருக்க வேண்டும், அணையைப் பார்ப்பதற்கு மேட்டூரே போதுமாம். ஊட்டி ஏரி, கொடைக்கானல் ஏரி இரண்டில் எது நல்லது?

2 மார்ச் 2025, இரவு

இரண்டுமே தேக்கிய நீர்தான். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1823 முதல் 1825 வரையிலான காலத்தில், உதகைப் பள்ளத்தாக்கில் இறங்கிவந்த ஓடைகளை மறித்துக் கரை போட்டு உண்டாக்கியது ஊட்டி ஏரி. கொடைக்கானலில் 1863-ல் அதே வேலையைச் செய்தவர் மதுரை கலெக்டர் வியர் ஹென்றி லெவிஞ்ச். சதுப்பாகக் கிடந்த பள்ளத்தின் வாயை அடைத்ததும் அதன் கிளைகளுக்குள் எல்லாம் நீர் ஏறி, இன்று எல்லோரும் வியக்கும் அந்த நட்சத்திர வடிவம் கிடைத்தது. பைக்காரா, எமரால்டு, அவலாஞ்சி, மேல் பவானி ஆகியவை மின்சாரத்துக்காகக் கட்டிய அணைகளின் நீர்த்தேக்கங்கள். உங்கள் அப்பாவின் நிபந்தனைப்படி பார்த்தால் தமிழ்நாட்டு மலைகளில் ஓர் ஏரிகூடத் தேறாது.

நிபந்தனையைத் தளர்த்தச் சம்மதித்தாரென்றால் கொடைக்கானலுக்குப் போங்கள். ஊட்டி ஏரியை அடியோடு விட்டுவிடுங்கள். அங்கே சாக்கடை வாடைதான் மிச்சம்.

3 மார்ச் 2025

'மலை இருக்கிறது, மழை இருக்கிறது, ஏரி மட்டும் ஏன் இல்லை?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

மழை பெய்தால் மட்டும் ஏரி வந்துவிடாது. நீர் வெளியேற முடியாத கிண்ணம் போன்ற பள்ளம் வேண்டும். உலகின் மலை ஏரிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கிண்ணத்தைக் குடைந்து கொடுத்தவை பனியாறுகள். பல நூறு அடி கனமுள்ள பனிக்கட்டி மெல்ல நகரும்போது அடிப்பாறையைச் சுரண்டிக் குழியாக்குகிறது, சுரண்டிய கல்லையும் மண்ணையும் குழியின் வாயில் மேடாகக் குவிக்கிறது, பிறகு உருகிப் போகும்போது தன் நீரை அந்தக் குழியிலேயே விட்டுச் செல்கிறது. இமயமலையில் இந்த வேலை நடந்தது. நீலகிரியிலும் பழனி மலையிலும் உறைபனி விழுமே தவிர, பனியாறு ஓடிய தடம் கிடையாது. இவை மிகப் பழைய மலைகளும்கூட. எப்போதோ ஒரு பள்ளம் இருந்திருந்தாலும் ஓடைகள் அதன் விளிம்பை அறுத்து நீரை வடித்துவிட, அதற்கு வேண்டிய காலத்தைப் போல எத்தனையோ மடங்கு கழிந்துவிட்டது.

வடிந்த இடங்களில் எஞ்சியவை சதுப்புகள். சோலைக் காட்டுக்கும் புல்வெளிக்கும் நடுவே, கால் வைத்தால் மெத்தை போல அமுங்கும் கருமண் பள்ளங்களை நீலகிரியில் பார்க்கலாம். அழுகியும் அழுகாமலும் படிந்த புல்லும் செடியும் சேர்ந்த மண் அது. அதில் இருபதாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட படிவுகள் இருக்கின்றன. எந்தக் காலத்தில் மழை மிகுந்தது, எப்போது வறண்டது என்பதை அறிவியலாளர்கள் அதைத் தோண்டித்தான் படித்தார்கள். இயற்கைதான் வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக நின்றால் அவருக்குக் காட்ட வேண்டியது இந்தச் சதுப்பைத்தான். படகு மட்டும் கிடைக்காது.

5 மார்ச் 2025

இரண்டு பேர் என்னைத் திருத்தியிருக்கிறார்கள், இருவர் சொல்வதும் நியாயம். ஏற்காட்டு ஏரியை இயற்கையானது என்றுதான் பல வழிகாட்டிகள் குறிப்பிடுகின்றன. ஊரின் பெயரே ஏரியும் காடும் சேர்ந்தது என்பது வழக்கமான விளக்கம். ஆகவே 'ஓர் ஏரிகூட' என்று நான் அடித்துச் சொன்னதைத் திரும்பப் பெற்று, நீலகிரி, பழனி மலைகளின் புகழ்பெற்ற ஏரிகள் என்று சுருக்கிக்கொள்கிறேன். மலை தாண்டி வயநாட்டுக்குப் போனால் பூக்கோடு ஏரி இயற்கையான நன்னீர் ஏரிதான். ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் காட்டுக்கு நடுவே இருக்கிறது. அங்கிருந்து புறப்படும் நீர் பனமரம் ஆறாகிக் கபினியில் சேர்கிறது. கபினி காவிரியில் சேர்வதால் உங்கள் அப்பா எங்கே போனாலும் கடைசியில் மேட்டூருக்குத்தான் வந்தாக வேண்டும்.

8 மார்ச் 2025

பயணத் திட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், பார்த்துத் திருந்துங்கள்.

2022 மே மாதம் ஈரோட்டிலிருந்து அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். நான், கணவர், மாமனார், மாமியார், ஆறு வயது மகள், ஒன்றரை வயது மகன் என்று ஆறு பேர். இரண்டு நாளில் ஐந்து ஏரி என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அந்தத் தாளை என் கணவர் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார், சண்டை வந்தால் எடுத்துக் காட்டுகிறார். மேட்டுப்பாளையத்தில் எல்லோரும் பொங்கலும் காபியும் வயிறு நிறையச் சாப்பிட்டோம். குன்னூர்ச் சாலையில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே அத்தை எலுமிச்சம்பழத்தைக் கேட்டார். ஐந்தாவது வளைவில் மகள் காருக்குள்ளேயே வாந்தி எடுத்தாள். அவளைச் சுத்தப்படுத்தும்போது அந்த வாடையில் அத்தையும் எடுத்தார்.

ஊட்டி படகு இல்லத்தில் வரிசையில் ஒரு மணி நாற்பது நிமிடம் நின்றோம். கிடைத்தது மிதிபடகு. மாமாவின் முழங்காலுக்கு அது எப்படி ஒத்துவரும் என்று யாரும் யோசிக்கவில்லை. இருக்கை தரையோடு தரையாக இருக்கும். கால் மடங்கியபடியே மிதிக்க வேண்டும். படகில் ஏறுவது அதைவிட மோசம்: ஒரு கால் கரையிலும் ஒரு கால் படகிலும் இருக்கும் அந்த ஒரு நொடியில் படகு அரையடி விலகும், முதியவர்கள் அந்த நொடியில்தான் பதறிப்போகிறார்கள். பைக்காராவை அடைந்தபோது மணி நான்கு. மகன் தூங்கிவிட்டான், அத்தை காரைவிட்டு இறங்கவில்லை, மழை வந்துவிட்டது. மூன்றாவது ஏரியைக் காருக்குள்ளிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தோம். நான்காவதும் ஐந்தாவதும் தாளிலேயே தங்கிவிட்டன.

வீடு திரும்பிய பிறகு மாமா ஒரே வாக்கியத்தில் கணக்கை முடித்தார்: "ஏரிகளைப் பார்த்தோமா அம்மா, இல்லை வாகன நிறுத்தங்களைப் பார்த்தோமா?"

9 மார்ச் 2025

மேலே எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். அந்தப் பயணத்தில் மகளுக்குப் பிடித்திருந்தது ஒரே ஒரு பொருள்: மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம். ஊட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது அது தலையணை போல உப்பியிருந்தது. 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சமவெளியில் இருப்பதைவிடக் கால் பங்கு போலக் குறைவு. பொட்டலத்துக்குள் அடைத்த காற்று சமவெளியில் அடைத்தது. மாமா அதைப் பத்து நிமிடம் விளக்கினார். அந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 பாகையிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகத் தாமதமாகும் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லி, அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

14 மார்ச் 2025

கேள்வி கேட்டவர் உடனே கவனிக்க வேண்டிய செய்தி. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதுவரை விண்ணப்பித்தால் கிடைத்துக்கொண்டிருந்தது. நேற்று சென்னை உயர் நீதிமன்றம் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்துவிட்டது: ஏப்ரல் 1 முதல் ஜூன் முடிய நீலகிரிக்கு வார நாளில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு இந்த வரம்பு பொருந்தாது.

முழங்கால் வலி உள்ளவருக்கு மலை ரயில் நல்லதா என்று அடுத்த கேள்வி வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டரை ஏறுவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். இருக்கை நெருக்கம், பெட்டிக்குள் கழிவறை கிடையாது. பிள்ளைகளுக்குத் திருவிழா, 74 வயதுக்குத் தண்டனை. குன்னூர் வரை காரில் போய், அங்கிருந்து ஊட்டிக்கு மட்டும் ரயிலில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரம்தான். நாங்கள் இரண்டாவது முறை அப்படித்தான் செய்தோம்.

16 மார்ச் 2025

இரண்டாவது முறையைப் பற்றிக் கேட்கிறார்கள். 2023 டிசம்பர். ஒரு நாளைக்கு ஓர் ஏரி, அதற்கு மேல் கிடையாது என்று முன்கூட்டியே சத்தியம் வாங்கிக்கொண்டுதான் மாமா காரில் ஏறினார். எமரால்டைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. மின்வாரியத்தில் வேலை பார்த்த காலத்தில் குந்தாவில் பதினோரு ஆண்டு இருந்தவர் அவர்; ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பக்கம் போனதே இல்லை.

எமரால்டு நீர்த்தேக்கத்தின் ஓரம் காரை நிறுத்தியபோது முதலில் கண்ணில் பட்டது நீரன்று, நீருக்கும் புல்லுக்கும் இடையில் சுற்றிலும் ஓடிய ஒரு செம்மண் பட்டை. இருபதடி அகலம் இருக்கும். அதில் ஒரு புல்கூட இல்லை. மேலிருந்து கீழாகப் படிப்படியாக மெல்லிய கோடுகள், ஒவ்வொரு கோடும் நீர் சில நாள் நின்று பிறகு இறங்கிய மட்டம். மேலே இருந்த கோடுகள் காய்ந்து வெடித்திருந்தன. கீழே இறங்க இறங்க மண் கருத்து, நீரை ஒட்டிய இடத்தில் காட்டெருமைக் குளம்பு பதிந்த குழிகளில் நீர் தேங்கி வானத்தைக் காட்டியது. "தாத்தா, காபி குடித்துவிட்டு வைத்த டம்ளர் மாதிரி இருக்கிறது" என்றாள் மகள். இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது. இயற்கை ஏரியின் மட்டம் ஆண்டு முழுவதும் பெரிதாக ஏறி இறங்காததால் கரையோரம் வரை செடியும் நாணலும் வளர்ந்திருக்கும். மின்சாரத்துக்காகத் திறந்து மூடப்படும் தேக்கத்தில் அந்த விளிம்பு ஒரு சில மாதம் நீருக்குள்ளும் ஒரு சில மாதம் வெயிலிலும் கிடப்பதால் எதுவும் வேர் பிடிக்காது.

"இது ஏரி இல்லை அம்மா, பேட்டரி" என்றார் மாமா. சாயங்காலம் ஆறு மணிக்கு ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்தில் தேவை எகிறும். நீர்மின் நிலையத்தில் மதகைத் திறந்தால் சில நிமிடங்களில் மின்சாரம் வந்துவிடும். பிறகு கைத்தடியால் மண்ணில் ஒரு படம் போட்டார். மேல் பவானியின் நீர் ஒரு மின் நிலையத்தைச் சுற்றிவிட்டு அவலாஞ்சிக்கு வருகிறது. அவலாஞ்சியும் எமரால்டும் ஒன்றோடொன்று இணைந்தவை. இங்கிருந்து குந்தா, குந்தாவிலிருந்து கெத்தை, கெத்தையிலிருந்து பரளி, பரளியிலிருந்து பில்லூர் என்று ஒவ்வோர் இறக்கத்திலும் அதே நீர் மறுபடி மறுபடி மின்சாரம் கொடுக்கிறது. பில்லூரில் ஒரு பங்கு கோயம்புத்தூருக்குக் குடிநீராகப் போகிறது. மகள் நீரில் கையை விட்டுக்கொண்டே, "அப்படியென்றால் என் கைபட்ட தண்ணீரைக் கோயம்புத்தூர் சித்தி குடிப்பாளா?" என்று கேட்டாள். சித்தி வீட்டுக் குழாயில் வருவது சிறுவாணித் தண்ணீர் என்று திருத்தினார் மாமா. அந்த வருத்தம் அவளுக்குச் சாயங்காலம் வரை இருந்தது.

அன்றைக்கு மூன்று மணி நேரம் அங்கேயே இருந்தோம். படகு இல்லை, கடை இல்லை, கூட்டம் இல்லை. மாமா யாரையும் பார்க்காமல் நீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

19 மார்ச் 2025

'எதற்கு இந்தச் செயற்கை ஏரிகள், லடாக் போய்ப் பாங்கோங் ஏரியைப் பார்க்க வேண்டியதுதானே' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 74 வயதுக்காரரை விமானத்தில் ஏற்றி நேரே லேயில் இறக்குவதென்பது, சமவெளியிலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்துக்கு ஒன்றரை மணி நேரத்தில் தூக்கிக்கொண்டு போவது. குறைந்தது இரண்டு நாள் அங்கே அசையாமல் ஓய்வெடுத்த பிறகுதான் மேலே நகர வேண்டும். பாங்கோங் 4,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது, வழியில் கடக்கும் சாங் லா கணவாய் 5,300 மீட்டரைத் தாண்டுகிறது. தலைவலி, குமட்டல், மூச்சு வாங்குதல் என்று தொடங்கும் உயர நோய்க்கு நம்பத்தக்க மருந்து கீழே இறங்குவதுதான். நான்கு நாள் பயணத்தில் இறங்குவதற்கு நேரம் எங்கே இருக்கிறது?

வடக்கே இயற்கை ஏரிதான் வேண்டுமென்றால் நைனிதாலைச் சொல்வேன். அது 1,938 மீட்டர்தான், ஊட்டியைவிட உயரம் குறைவு. ஆனால் நான்கு நாளில் இரண்டு நாள் ரயிலிலேயே போய்விடும்.

2 ஏப்ரல் 2025

'ஊட்டி ஏரியை அடியோடு விட்டுவிடுங்கள்' என்று முதல் நாள் எழுதியதை யாராவது பிடிப்பார்கள் என்று ஒரு மாதம் காத்திருந்தேன். யாரும் பிடிக்கவில்லை, நானே பிடிக்கிறேன்.

வாடை உண்மை. கோடப்பமந்து கால்வாய் வழியாக ஊரின் கழிவு ஏரிக்குள் வருகிறது. ஆகாயத்தாமரை படர்வதும் அதனால்தான். சல்லிவன் கட்டியபோது இருந்த ஏரி இப்போது இருப்பதைவிடப் பெரியது. பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் ஒரு காலத்தில் ஏரியாக இருந்த நிலத்தில்தான் இருக்கின்றன. ஊட்டியில் பேருந்திலிருந்து இறங்கும்போதே ஏரிக்குள்தான் இறங்குகிறோம்.

இருந்தாலும் 2023 டிசம்பரில் மூன்றாவது நாள் காலை ஆறரை மணிக்கு, மகனுக்குத் தூக்கம் வராததால், நானும் அவனும் ஏரியை ஒட்டிய சாலையில் நடந்தோம். நீர் முழுவதும் புகைந்துகொண்டிருந்தது. இரவில் காற்று சட்டென்று குளிர்ந்துவிடும், நீர் அவ்வளவு விரைவில் குளிராது. வெதுவெதுப்பான நீரிலிருந்து எழும் ஆவி குளிர்ந்த காற்றில் பட்டதும் புகையாகிறது. அது தட்டையாகப் படர்ந்திருக்கவில்லை. விரல் கனத்தில் தனித்தனித் திரிகளாக எழுந்து, முழங்கால் உயரத்தில் சாய்ந்து, ஒன்றையொன்று தொடாமல் ஒரே திசையில் நகர்ந்தது. அதற்குள்ளிருந்து ஒரு நாமக்கோழி வெளியே வந்தது, வெள்ளை நெற்றி மட்டும் முதலில் தெரிந்தது. எதிர்க்கரையில் யாரோ படகில் தேங்கிய நீரை வாளியால் மொண்டு ஊற்றும் சத்தம், பக்கத்தில் நின்று ஊற்றுவது போலக் கேட்டது. அந்தக் குளிரில் வாடை இல்லை. எட்டரைக்கு வெயில் ஏறியதும் புகை போயிற்று. பதினொரு மணிக்கு வாடை வந்தது, அதோடு சுற்றுலாப் பேருந்துகளும் வந்தன.

ஆகவே திருத்தம்: ஊட்டி ஏரியைக் காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை பாருங்கள். படகு இல்லம் திறப்பதற்குள் கிளம்பிவிடுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் போகிறவர்களுக்கு மட்டும் ஒன்று: உறைபனி பார்க்க மேட்டில் ஏற வேண்டாம். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவு வழியாக வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஊட்டிக்கு அருகே தலைக்குந்தாவில் பள்ளத்துப் புல் வெள்ளை வெளேரென்று இருந்தபோது இருபதடி மேலே இருந்த புல் பச்சையாகவே இருந்தது. இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தது போல எல்லை. மகன் ஒரு காலை வெள்ளையிலும் ஒரு காலைப் பச்சையிலும் வைத்து நின்றான்.

20 ஏப்ரல் 2025

இத்தனை எழுதிய பிறகு, முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இப்போதுதான் தோன்றுகிறது: 'இயற்கை ஏரி' என்று அப்பா கேட்பது தமிழில் பொருந்துகிறதா?

நம் மொழியில் ஏரி என்றாலே கரை போட்டது. மதுராந்தகம் ஏரி, செம்பரம்பாக்கம் ஏரி, பத்தாம் நூற்றாண்டில் சோழர் காலத்தில் வெட்டிய வீராணம் ஏரி என்று எதை எடுத்தாலும் ஒரு கரை, ஒரு மதகு, மிகுநீர் வழிந்து வெளியேற ஒரு கலிங்கு உண்டு. மனிதர் ஆக்காத நீர்நிலைக்குத் தனியாகப் பொய்கை என்றொரு சொல் இருந்தது, உரையாசிரியர்கள் அப்படித்தான் பொருள் சொல்கிறார்கள். அந்தப் பொய்கையையும் திணை இலக்கணம் மருதத்துக்குக் கொடுத்திருக்கிறதே தவிர, மலைக்குக் கொடுக்கவில்லை. குறிஞ்சியின் கருப்பொருள்களில் நீர் என்று சொல்லியிருப்பவை இரண்டுதான்: அருவியும் சுனையும். பனியாறு பற்றி எதுவும் தெரியாமலே, நம் மலையில் என்ன நீர் உண்டு, என்ன நீர் இல்லை என்பதைச் சரியாகக் கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

பாறை இடுக்கில் கைப்பிடி அளவு நிற்கும் சுனையைப் பார்க்க அப்பா கொல்லிமலையோ பொதிகையோ ஏற வேண்டும்; முழங்கால் இடம் கொடுக்காது. நீலகிரியிலோ பழனி மலையிலோ ஏரியைப் பார்க்க வேண்டுமென்றால் யாரோ ஒருவர் கட்டியதைத்தான் பார்க்க வேண்டும்.

தேக்கடியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று பார்த்தேன். அதுவும் 1895-ல் பென்னிகுவிக் கட்டிமுடித்த அணையின் நீர்தான். அன்று மூழ்கிய காட்டு மரங்களின் கட்டைகள் இன்னும் நீருக்கு மேலே நின்றுகொண்டிருக்கின்றன, நீர்க்காகங்கள் அவற்றில் சிறகு விரித்துக் காய வைக்கின்றன. அணை என்பதை ஒரு கணமும் மறைக்காத ஏரி அது.

21 ஏப்ரல் 2025

கேள்வி கேட்டவர் பதில் எழுதியிருக்கிறார்: 'சுனை விஷயத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன், ஒரு நாள் முழுவதும் பேசவில்லை. மறுநாள், சரி, கொடைக்கானல் போகலாம் என்றார். மே 26-க்கு இ-பாஸ் கிடைத்திருக்கிறது.'

கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் சாலை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர், பெரிதாக ஏற்ற இறக்கம் இல்லை. அப்பா முழுவதும் நடக்க வேண்டியதில்லை. ஏதாவது ஒரு கிளைக்குள், படகுத்துறைக்கு எதிர்ப்புறமாக உட்கார வையுங்கள். மிதிபடகு வேண்டாம், துடுப்புப் படகு கேளுங்கள். ஏறும்போது படகுக்காரர் கரையோடு படகை இழுத்துப் பிடித்த பிறகு, படகின் நடுவில் கால் வைத்து உடனே உட்காரச் சொல்லுங்கள். பேரிஜம் ஏரிக்கு 23 கிலோமீட்டர் காட்டு வழி, வனத்துறை அனுமதி வேண்டும். பெரியகுளத்துக்குக் குடிநீர் கொடுக்கும் தேக்கம் என்பதால் படகெல்லாம் கிடையாது. ஐந்து வயதுப் பிள்ளை இருந்தால் இரண்டில் ஒன்று போதும்.

25 மே 2025

நீலகிரிக்கும் கோவைக்கும் இன்றும் நாளையும் சிவப்பு எச்சரிக்கை. தென்மேற்குப் பருவமழை முன்னதாகவே இறங்கிவிட்டது. கேள்வி கேட்டவர் கொடைக்கானல் பக்கம் என்றாலும் தள்ளிப்போடுவது நல்லது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. பல ஊர்களில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வது அவ்வளவு. மலையில் மழை வலுத்தால் ஏரி எங்கேயும் போய்விடாது, சாலைதான் போகும்.

25 மே 2025, இரவு

தள்ளிப்போட்டுவிட்டார்களாம். பிள்ளைகள் அழுகிறார்களாம். உப்பிய சிப்ஸ் பொட்டலத்தைச் சொல்லிச் சமாதானப்படுத்துங்கள்.

29 செப்டம்பர் 2025

கேள்வி கேட்டவர் கொடைக்கானல் போய் வந்துவிட்டார். நீளமாக எழுதியிருக்கிறார், அதில் ஒரு பகுதி மட்டும் இங்கே.

அப்பா ஏரிக்கரையில் ஆசைப்பட்டபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்தாராம். பிறகு எழுந்து, 'இத்தனை நீர் நிற்கிறதே, கரை எங்கே? மிஞ்சிய நீர் எந்தப் பக்கம் வெளியேறுகிறது?' என்று தேடத் தொடங்கிவிட்டாராம். படகுக்காரரிடம் கேட்டிருக்கிறார், சோளம் விற்ற அம்மாவிடம் கேட்டிருக்கிறார். கடைசியில் தங்கியிருந்த விடுதியின் காவலாளி சொல்லியிருக்கிறார்: வரும் வழியில், ஊருக்கு எட்டு கிலோமீட்டர் முன்னால், எல்லோரும் காரை நிறுத்திப் படம் எடுக்கிறார்களே, அந்த வெள்ளி அருவிதான் இந்த ஏரியின் மிகுநீர் என்று.

இறங்கும்போது அங்கே நிறுத்தச் சொல்லி, பேரப்பிள்ளைகள் இருவரையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, அருவியை அண்ணாந்து பார்த்து, "இதுதான் அந்த ஏரிக்குக் கலிங்கு" என்றாராம். சின்னவன், அப்படியென்றால் இது அருவியில்லையா என்று கேட்டானாம். அதற்கு அப்பா இன்னும் பதில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறார்.